ஷாங்காய் 1937: தெருவில் நடந்த சண்டை, தண்ணீர் வழியாக வந்த முடிவு

1937 ஷாங்காய் போர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிஹாங் கிடங்குதான். ஓடைக்கரையில் ஓர் ஆறு மாடிக் கட்டடம், அதற்குள் நானூறு சொச்சம் சீன வீரர்கள், சுற்றிலும் ஜப்பானியப் படை. சீனாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை அது. அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் அந்தக் கிடங்கின் ஜன்னல்களில் மூட்டைகள் அடுக்கப்பட்டபோது ஷாங்காய் ஏறக்குறைய கைவிட்டுப் போயிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 13 முதல் 22 வரை, ஒரு பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் தாக்கியது சீனப் படை. நகரத்துக்குள் நெருக்கப்பட்டுத் தற்காத்துக்கொண்டிருந்தது ஜப்பானியப் படை. ஆள்பலம் பல மடங்கு சீனர்கள் பக்கம். அப்படியிருந்தும் காரியம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று பார்த்தால்தான் அந்த முழுப் போரும் புரியும் என்பது என் எண்ணம். கிடங்கைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தப் பத்து நாளை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது எனக்கு எப்போதுமே வருத்தமாக இருக்கும்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஹுவாங்பு ஆறு நகரத்தை ஒட்டி ஓடி, வடக்கே வூசோங் என்ற இடத்தில் யாங்ட்சி நதியின் முகத்துவாரத்தில் சேர்கிறது. மேற்கிலிருந்து நகரத்துக்குள் வளைந்து வந்து ஹுவாங்புவில் விழுவது சூஜோ ஓடை. இந்த நீர்வழிகளுக்கு நடுவே இருந்த ஷாங்காய் அன்றைக்கு ஒரே ஆட்சியின் கீழ் இல்லை. நடுவில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிற நாடுகளும் சேர்ந்து நிர்வகித்த சர்வதேசக் குடியிருப்பு. அதன் தெற்கே பிரெஞ்சுக்காரர்களின் பகுதி. சீன அரசுக்கு உரியவை வடக்கே ஜாபெய், தெற்கே பழைய நகரமான நான்ஷி, இன்னும் சில பகுதிகள். சர்வதேசக் குடியிருப்பில் சூஜோ ஓடைக்கு வடக்கே இருந்த ஹோங்கோவில் ஜப்பானியர்கள் ஆயிரக்கணக்கில் வசித்தார்கள். அதற்குக் கிழக்கே ஆற்றோரமாக யாங்ஷுபூ. ஜப்பானிய நூற்பாலைகளும் துறைமேடைகளும் நிறைந்த இடம். இவற்றைக் காக்கும் பொறுப்பு ஜப்பானியக் கடற்படையின் சிறப்புத் தரையிறங்கு படையிடம் இருந்தது.

அதாவது ஜப்பானியப் படை வெளியிலிருந்து வந்து நகரத்துக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் ஆறு, ஆற்றில் போர்க்கப்பல்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் ஒரு சண்டை நடந்திருந்தது. 1932 ஜனவரி 28 இரவு, ஹோங்கோவிலிருந்து கிளம்பிய ஜப்பானியக் கடற்படை வீரர்கள் ஜாபெய்க்குள் நுழைந்தார்கள். தலைமை தாங்கிய தளபதி ஷியோசாவா கோய்ச்சி வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார். எதிரே இருந்தது குவாங்டோங்கிலிருந்து வந்த சீனர்களின் 19-வது வழிப்படை, தளபதி சாய் திங்காயின் ஆட்கள். அவர்களிடம் நவீன ஆயுதம் அதிகம் இல்லை, ஆனால் சந்துகள் இருந்தன.

அந்தச் சந்துகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். லிலோங் என்று பெயர். பெரிய தெருவை ஒட்டி வரிசையாகக் கடைகள். கடைகளுக்கு நடுவே ஒரு வாசல். அதற்குள் போனால் ஒரு சந்து. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கல் நிலை வைத்த கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு சிறிய முற்றம், சுற்றிலும் உயரமான செங்கல் சுவர். பெரிய சந்திலிருந்து சின்னச் சந்துகள் பிரியும். பல சந்துகள் முட்டுச் சந்துகள். இங்கே கவச வண்டி பெரிய தெருவோடு நின்றுவிடும். உள்ளே போகிற காலாள் வீரனுக்கு எந்த மாடி ஜன்னலிலிருந்து தோட்டா வருகிறது என்று தெரியாது. தெருவில் தலைகாட்டாமல் நகர வேண்டுமானால் பொதுச்சுவர்களை உடைத்து வீட்டுக்கு வீடு ஓட்டை போட்டுக்கொண்டு போகலாம். சாயின் ஆட்கள் இதிலெல்லாம் தேர்ந்துவிட்டார்கள். ஜப்பானியப் படை நாட்கணக்கில் ஜாபெயின் விளிம்பிலேயே நின்றது.

கோபத்தில் வானிலிருந்து குண்டு போட்டார்கள். ஜாபெயில் இருந்த கமர்ஷியல் பிரஸ் அச்சகம் எரிந்தது. அதைச் சேர்ந்த கிழக்கத்திய நூலகம் சில நாளில் சாம்பலானது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், அவற்றில் கிடைத்தற்கரிய பழஞ்சுவடிகளும் அடக்கம். படைக்கணக்கில் அதற்கு எந்த மதிப்பும் இல்லாததால் போர் பற்றிய எழுத்துகளில் இது அடிக்குறிப்பாகிவிடுகிறது. எனக்கு அது அடிக்குறிப்பு இல்லை.

சரி, 1932 எப்படி முடிந்தது? ஜாபெயில் யாரும் யாரையும் வெல்லவில்லை. ஜப்பான் தரைப்படையின் டிவிஷன்களை, அதாவது பெரும் படைப்பிரிவுகளை, கொண்டுவந்தது. மார்ச் 1 அன்று ஒரு பெரும்படை வடமேற்கே யாங்ட்சிக் கரையில், லியூஹே ஊருக்குப் பக்கத்தில் இறங்கியது. நகரத்தில் நின்றுகொண்டிருந்த சீனப் படையின் பின்பக்கம் அப்படியே திறந்துகொண்டது. அன்றிரவே பின்வாங்கினார்கள். தெருவில் ஒரு மாதம் போராடியும் கிடைக்காத முடிவு, கரையிறங்கிய ஒரே நாளில் கிடைத்தது.

மே 5 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஷாங்காய்ச் சுற்றுவட்டாரத்தில் சீன ராணுவம் நிற்கக் கூடாது, காவல் பணிக்கான பாதுகாப்புப் படை மட்டும் இருக்கலாம் என்பது அதன் சாரம். ஜப்பானியக் கடற்படை வீரர்கள் ஹோங்கோவிலேயே இருந்துகொண்டார்கள். இந்த ஒரு ஏற்பாடுதான் ஐந்து வருடம் கழித்துப் பலரின் உயிரைக் குடித்தது. 1932-இன் பாடத்தைக் கற்று, அதைக் கான்கிரீட்டில் எழுதிவைக்கும் வாய்ப்பு ஒரு தரப்புக்கு மட்டும் கிடைத்தது. வடக்கு சிச்சுவான் சாலையில் ஹோங்கோ பூங்காவுக்குப் பக்கத்தில் தரையிறங்கு படையின் தலைமையகம் புதிதாக எழுந்தது. கனத்த கான்கிரீட்டில், ஒரு தெருமுனையையே அடைத்துக்கொண்டு நிற்கிற கோட்டை போன்ற கட்டடம். நூற்பாலைகளும் கிடங்குகளும் வேண்டும்போது அரண்களாக மாறத்தக்கவையாக இருந்தன. எந்தச் சந்திப்பில் மணல் மூட்டை அடுக்க வேண்டும், எந்தத் தெருவை எந்த இயந்திரத் துப்பாக்கி பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சீன அதிகாரிகளோ தங்கள் சொந்த ஊரின் தெருக்களைச் சாதாரண உடையில் போய் நோட்டம் பார்த்துவிட்டு வர வேண்டிய நிலை.

1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் சண்டை மூண்டது. வடக்கே ஜப்பானின் கை ஓங்கிய நிலையில், ஷாங்காயில் மோதுவது என்று சீனத் தலைவர் சியாங் கை ஷேக் முடிவெடுத்தார். ஹோங்கோவிலிருந்த ஜப்பானியப் படை சிறியது; உதவி வந்து சேர்வதற்குள் அதை ஆற்றில் தள்ளிவிடலாம் என்பது கணக்கு. உலகத்தின் கண்ணெதிரே, வெளிநாட்டவரின் வங்கிகளுக்கும் தூதரகங்களுக்கும் பக்கத்தில் போர் நடந்தால் வல்லரசுகள் வாய் திறக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆகஸ்ட் 9 அன்று ஹோங்சியாவ் விமானத்தள வாசலில் ஓயாமா என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரியும் உடன் வந்த வீரரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 13-ஆம் தேதி சண்டை தொடங்கியது.

சீனத் தரப்பில் அனுப்பப்பட்டவை அந்த நாட்டிலேயே சிறந்த படைகள்: 87, 88, பின்னால் வந்து சேர்ந்த 36-வது டிவிஷன். ஜெர்மன் ஆலோசகர்கள் வருடக்கணக்கில் பயிற்சி தந்து வளர்த்தவை. தலையில் ஜெர்மன் எஃகுக் கவசம், கையில் மௌசர் மாதிரித் துப்பாக்கி. ஆலோசகர் குழுவின் தலைவரான ஃபால்கன்ஹவுசனும் உடன் இருந்தார். மொத்தத் தலைமை ஜாங் ஜிஜோங்கிடம். 1932-லும் இதே ஷாங்காயில் போரிட்ட அவர், இப்படி ஒரு நாள் வரும் என்று முந்தைய வருடத்திலிருந்தே ரகசியமாகத் தயாரானவர். எதிரே ஓகோச்சி டென்ஷிச்சி என்ற கடற்படைத் தளபதியின் கீழ் சுமார் நாலாயிரம், ஐயாயிரம் பேர்.

அந்தப் பத்து நாளில் என்ன தவறியது? ஒரே காரணம் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது பீரங்கியை. சீனப் படையிடம் அப்போது இருந்த மிகப் பெரிய பீரங்கி 150 மில்லிமீட்டர் ஹோவிட்ஸர். அது ஜெர்மனியிலிருந்து வாங்கிய நல்ல ஆயுதம்தான். ஆனால் ஹோங்கோ தலைமையகத்தின் மேல் அந்தக் குண்டுகள் விழுந்தும் கட்டடம் நின்றது. கான்கிரீட் அரணைப் பிளக்க அதைவிடப் பெரிய குண்டு வேண்டும், அல்லது கிட்டே போய் வெடிமருந்து வைக்க வேண்டும். கிட்டே போக வேண்டுமானால் திறந்த தெருவைக் கடக்க வேண்டும். ஆகஸ்ட் 14 அன்று அந்தத் தலைமையகத்தை நோக்கி முன்னால் நின்று படையை நடத்திய 264-வது படையணியின் தளபதி ஹுவாங் மெய்ஷிங் அங்கேயே கொல்லப்பட்டார். ஒரு படையணித் தளபதி தெருச்சண்டையில் முதல் நாட்களிலேயே விழுகிறார் என்றால், அதிகாரிகள் எந்த அளவுக்கு உடம்பைக் கொடுத்துப் போராடினார்கள் என்று புரியும். உடம்பால் கான்கிரீட்டை உடைக்க முடியாது என்பதும் புரியும்.

அடுத்தது பயிற்சி. ஜெர்மன் முறையில் அந்த டிவிஷன்கள் கற்றது திறந்த வெளிச் சண்டை: பீரங்கி அடிக்கும், காலாட்படை அலையாகப் பாயும். தெருவுக்குள் அலை எங்கே பாய்வது? இரண்டு சுவருக்கு நடுவே குவிந்து வருகிற கூட்டத்துக்கு எதிர்முனையில் ஓர் இயந்திரத் துப்பாக்கி போதும். இதைப் பார்த்துவிட்டு, அரண்களைச் சுற்றி வளைத்துத் தாண்டிப் போய் ஆற்றோரத்தைப் பிடிப்பது என்று சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் திட்டம் ஆகஸ்ட் 17 அன்று அமலானது. இரும்பு முட்டி என்று அதற்குப் பெயர். எண்ணம் சரியானது. ஆனால் ஊடுருவிப் போனவர்களின் பின்னால் தெருவை மூடிவிட ஜப்பானியர்களுக்கு இடம் இருந்தது. பின்தொடர்ந்து போய்ப் பிடித்த இடத்தை வலுப்படுத்த வேண்டிய படை தாமதித்தது.

டாங்கிகளின் கதை இன்னும் வேதனை. பிரிட்டனில் செய்த ஆறு டன் விக்கர்ஸ் டாங்கிகள் சில தலைநகரான நான்ஜிங்கிலிருந்து வந்தன. ஜாங் ஜிஜோங் தன் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்திருக்கிறார். யாங்ஷுபூ பக்கம் டாங்கிகளை முன்னே அனுப்பச் சொல்கிறார். டாங்கிக் குழுவின் தலைவர், வண்டிகள் சரியில்லை, எதிரியின் சுடும் வேகம் கடுமை, பின்னால் காலாட்படை கூடவே வருவதில்லை என்று முறையிடுகிறார். ஜாங் ஒப்புக்கொள்ளவில்லை, போகத்தான் வேண்டும் என்கிறார். போனவர் வண்டியோடு திரும்பவில்லை. அந்த அதிகாரி சொன்ன மூன்றாவது குறைதான் விஷயமே. நகரத்துக்குள் டாங்கிக்கு இருபுறமும் காலாள் வீரர்கள் நடந்தாக வேண்டும். பக்கவாட்டு ஜன்னல்களை அவர்கள் பார்த்துக்கொள்ள, எதிரே உள்ள அரணை டாங்கி பார்த்துக்கொள்ளும். தனியாகப் போகிற டாங்கி குருட்டு வண்டி. சீனாவின் டாங்கிக் குழுவும் காலாட்படையும் அதற்கு முன் சேர்ந்து பழகவே இல்லை.

இதற்கு நடுவே மேலிடத்து ஆணைகள் வேறு. தாக்குதலைத் தள்ளிவை, கொஞ்சம் நிறுத்து என்று முக்கியமான நாட்களில் சியாங்கிடமிருந்து செய்தி வந்தது. வெளிநாட்டுத் தூதர்களின் சமரசப் பேச்சு ஒரு பக்கம், விமானப்படையோடு நேரத்தைப் பொருத்துவது ஒரு பக்கம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் எதிரிக்கு உதவி கடல்வழியே வந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் எதிரியின் கணக்கில்தான் சேர்ந்தது. ஜாங்கின் மேல் எல்லாப் பழியையும் போடுகிற எழுத்துகள் உண்டு. அவருடைய தவறுகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கையைக் கட்டிவிட்டு ஓடச் சொன்னவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஆற்றில் நின்ற இசுமோ கப்பலையும் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் கட்டி 1900-இல் முடிந்த பழைய கவசக் கப்பல். 1905-இல் ரஷ்யர்களுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் இருந்தது. ஜப்பானின் மூன்றாம் கடற்படைத் தொகுதியின் தலைமைக் கப்பலாக, சூஜோ ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே நங்கூரமிட்டிருந்தது. அதன் பீரங்கிகள் ஹோங்கோ வீரர்களுக்குப் பெரும் துணை. ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, சூறாவளிக் காற்றுக்கு நடுவே சீன விமானங்கள் அதைக் குறிவைத்தன. குண்டுகள் கப்பலில் விழவில்லை. சில, நான்ஜிங் சாலை ஆற்றங்கரையைத் தொடுகிற முனையில், பெரிய ஹோட்டல்களின் வாசலில் விழுந்தன. வேறு சில, கிரேட் வேர்ல்ட் கேளிக்கை அரங்கின் முன்னால், போரிலிருந்து தப்பி வந்து சோற்றுக்கும் தண்ணீருக்கும் காத்திருந்த அகதிகளின் நடுவே விழுந்தன. ஒரே பிற்பகலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது பொதுவான கணக்கு. தங்கள் சொந்த விமானங்கள் போட்ட குண்டில் செத்த சீன மக்கள். இரண்டு நாள் கழித்து ஒரு சிறிய டார்பிடோ படகும் முயன்றது. இசுமோ மூழ்கவில்லை.

கடைசி முயற்சி 36-வது டிவிஷனுடையது. ஆகஸ்ட் 21, 22 இரவுகளில் அது தெருக்களை உடைத்துக்கொண்டு ஹுவாங்பு கரையின் ஹுயிஷான் துறைமேடை வரை போய்விட்டது. ஆற்றைத் தொட்டுவிட்டால் ஜப்பானியப் படை இரண்டு துண்டு. ஆனால் துறைமேடையின் இரும்புக் கதவு சாத்திக் கிடந்தது. அதை உடைக்க முடியாமல் திணறியவர்கள் மேல் கரையிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் குண்டு மழை. பிடித்த இடத்தில் நிற்க முடியவில்லை.

மறுநாள், ஆகஸ்ட் 23, மாட்சுயி இவானேயின் ஷாங்காய்ப் படையெடுப்புச் சேனை வந்திறங்கியது. 3-வது டிவிஷன் வூசோங்கில், 11-வது டிவிஷன் யாங்ட்சிக் கரையில் சுவான்ஷாகோவில். 1932-இன் மார்ச் மாதமே திரும்பி வந்தது போல. அந்த நாளோடு சீனப் படை தாக்குகிற படையாக இருந்த காலம் முடிந்தது. நகரத்துக்குள் நெருக்கிக்கொண்டிருந்தவர்கள் வடக்கே கரையை நோக்கித் திரும்பி ஓட வேண்டியதாயிற்று.

அடுத்த இரண்டு மாதச் சண்டை நகரத்துக்கு வெளியே, பருத்தி வயல்களிலும் வாய்க்கால்களிலும் நடந்தது. லுவோடியன் என்ற சிறிய பருத்திச் சந்தை ஊர் பலமுறை கைமாறியது. ரத்தமும் சதையும் அரைக்கும் ஆலை என்று சீனர்கள் அதைச் சொல்வார்கள். பாவோஷான் என்ற மதில் சூழ்ந்த ஊரில் யாவ் ஸிசிங்கின் பட்டாலியன் செப்டம்பர் முதல் வாரத்தில் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மண். பதுங்கு குழிகளில் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். பகலில் கப்பல் பீரங்கியும் விமானமும் அடிக்க, இரவில் சீனர்கள் இழந்த இடத்தை மீட்பார்கள். சியாங் டிவிஷன் மேல் டிவிஷனாக அனுப்பினார். மொத்தம் எழுபதுக்கு மேற்பட்ட டிவிஷன்கள், ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தப் போரில் இறக்கப்பட்டார்கள். அக்டோபர் 26 அன்று தாச்சாங் விழுந்ததும் ஜாபெயில் நிற்க வழியில்லாமல் போனது.

அப்போதுதான் சிஹாங் கிடங்கு. நான்கு வங்கிகள் சேர்ந்து சூஜோ ஓடையின் வடகரையில் கட்டிய கட்டடம். அதுவரை 88-வது டிவிஷனின் தலைமையிடமாக இருந்ததால் உள்ளே உணவும் தோட்டாவும் இருந்தன. முழு டிவிஷனையும் ஜாபெயில் விட்டுவைக்கலாம் என்றுதான் சியாங் முதலில் நினைத்தார். பிரஸ்ஸல்ஸில் நவம்பர் தொடக்கத்தில், சீனாவின் இறையாண்மையை மதிப்பதாகச் செய்துகொண்ட ஒன்பது நாட்டு ஒப்பந்தத்தின் மாநாடு கூட இருந்தது. சீனா இன்னும் ஷாங்காயில் போராடிக்கொண்டிருக்கிறது என்று அங்கே காட்ட வேண்டும். டிவிஷன் தளபதி சுன் யுவான்லியாங், அதற்கு ஒரு டிவிஷனைச் சாகடிக்க வேண்டியதில்லை என்று வாதாடினார். கடைசியில் 524-வது ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியன் நின்றது. ஷே ஜின்யுவான் தலைமை. எண்ணிக்கையை எதிரி அறியாதிருக்க எண்ணூறு என்று சொல்லப்பட்டது. அந்த எண்ணூறே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அந்த இடத்தின் அமைப்புதான் எல்லாம். ஓடைக்குத் தென்கரை சர்வதேசக் குடியிருப்பு, கூப்பிடு தூரம். அங்கே எரிவாயுத் தொட்டிகள் இருந்தன. ஜப்பானியர்கள் கனமான குண்டுகளையோ விமானத்தையோ தாராளமாகப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு அக்கரையில் விழும். பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் வம்பு வரும். ஜாபெயைத் தரைமட்டமாக்கிய அதே படை இந்த ஒரு கட்டடத்தின் முன்னால் கையை அடக்கிக்கொண்டது. ஜன்னல் இல்லாத மேற்குச் சுவரை நோக்கி நேரடியாகச் சுட்டார்கள், அடியில் வெடி வைக்கப் பார்த்தார்கள். மேலிருந்து கையெறி குண்டுகள் விழுந்தன. அக்கரையில் ஆயிரக்கணக்கான சீனர்கள் நின்று பார்த்தார்கள். யாங் ஹுயிமின் என்ற சாரணப் பெண் ஒரு தேசியக்கொடியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தாள்; அது மொட்டைமாடியில் ஏறியது.

நவம்பர் 1 விடிவதற்குள் அவர்கள் பாலம் கடந்து குடியிருப்புக்குள் பின்வாங்கினார்கள். ஆயுதம் பறிக்கப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார்கள். வெளியே விடுவதாக இருந்த பேச்சு ஜப்பானின் மிரட்டலில் அடங்கிப்போனது. 1941 ஏப்ரல் 24 அன்று ஷே ஜின்யுவான் தன் சொந்த வீரர்கள் சிலராலேயே குத்திக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் ஜப்பான் குடியிருப்பைக் கைப்பற்றியதும் மீதிப் பேர் கட்டாய வேலைக்கு இழுத்துச்செல்லப்பட்டார்கள். சிலர் நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் வரை. கொடி ஏறியதோடு கதையை நிறுத்துகிறவர்கள் இந்த நாலு வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போரின் முடிவு மறுபடியும் தண்ணீர் வழியாகவே வந்தது. நவம்பர் 5 அன்று யனகாவா ஹெய்சுகேயின் பத்தாவது சேனை ஷாங்காய்க்குத் தெற்கே ஹாங்ஜோ வளைகுடாவில், ஜின்ஷான்வேய் கரையில் இறங்கியது. அந்தக் கரையைக் காத்த படைகளை வடக்கே இழுத்துவிட்டிருந்ததால் காவல் பெயரளவுக்குத்தான் இருந்தது. பத்து லட்சம் ஜப்பானியர் ஹாங்ஜோ வளைகுடாவின் வடகரையில் இறங்கிவிட்டார்கள் என்று எழுதிய பலூனைப் பறக்கவிட்டு, பின்வாங்கும் சீனப் படையைக் கலங்கடித்தார்கள். நவம்பர் 12-க்குள் ஷாங்காய் முடிந்தது. நான்ஷியில் மட்டும், ஜாக்கினோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இரு தரப்போடும் பேசி உருவாக்கிய பாதுகாப்பு வளையம் லட்சக்கணக்கான பொதுமக்களைக் காப்பாற்றியது. இந்தப் போரில் மனதுக்கு ஆறுதல் தருகிற வெகு சில விஷயங்களில் அது ஒன்று.

நவம்பர் 8 வரை 9,115 பேர் சாவு, 31,257 பேர் காயம் என்பது ஜப்பானிய ராணுவக் கணக்கு. சீனர்களின் இழப்பு சுமார் 1,87,000 என்ற அரசுக் கணக்கிலிருந்து இரண்டரை லட்சம் வரை சொல்லப்படுகிறது. எண்ணிக்கையைவிடப் பெரிய இழப்பு, அந்த மூன்று டிவிஷன்கள். வருடக்கணக்கில் பயிற்றுவித்த இளம் அதிகாரிகள் போய்விட்டார்கள். இடத்தை நிரப்பியவர்கள் நேற்று வந்த புதிய ஆட்கள். நான்ஜிங்குக்குப் போகும் வழியில் முன்கூட்டியே கட்டிவைத்த அரண் வரிசைகள் இருந்தன. பின்வாங்கி வந்தவர்களுக்கு அவை எங்கே என்று தெரியவில்லை; சில அரண்களின் சாவி யாரிடம் என்றும் தெரியவில்லை. அதே 36, 87, 88-வது டிவிஷன்கள்தான் நான்ஜிங்கிலும் நின்றன. ஹுவாங் மெய்ஷிங்குக்குப் பின் 264-வது படையணியை ஏற்ற காவ் ஜிசோங், யூஹுவாதாய் குன்றில் செத்தார். டிசம்பர் 13 அன்று தலைநகரம் விழுந்தது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் அங்கே நடந்த படுகொலையும் பாலியல் வன்கொடுமையும் இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

ஷாங்காயின் கணக்கு ஒருமுறை தலைகீழாக மாறியது. 1938 மார்ச் கடைசியில் ஷான்டோங்கின் தென்கோடியில், பெருங்கால்வாய்க் கரையிலிருக்கும் தாயர்ஜுவாங். கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய கெட்டியான வீடுகள். உள்ளே நின்றது சுன் லியான்ஜோங்கின் படை; சி ஃபெங்செங்கின் 31-வது டிவிஷன் ஊரின் பெரும் பகுதியை இழந்தும் மூலையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. சில இடங்களில் ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு படை. இவன் போட்ட ஓட்டை வழியே அவன் குண்டெறிந்தான். பகலில் ஜப்பானியர் பிடித்ததை, பீரங்கி பார்க்க முடியாத இரவில், பெருவாளும் கையெறி குண்டும் வைத்துக்கொண்டு மீட்டார்கள். இங்கே பக்கத்தில் கடல் இல்லை, போர்க்கப்பல் இல்லை. ஊருக்கு வெளியே காத்திருந்த பெரும்படை சீனர்களுடையது: அந்தப் போர்முனையின் சீனத் தளபதி லி சோங்ரென் நிறுத்திவைத்திருந்த தாங் என்போவின் படை. அது வெளியிலிருந்து நெருக்கியதும் ஏப்ரல் 6, 7 இரவில் ஜப்பானியர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

வெளியே அப்படி ஒரு படை வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹெங்யாங். 1944 ஜூன் கடைசியில் ஃபாங் ஷியான்ஜுவேயின் சீனப் பத்தாவது படை, சுமார் 17,000 பேர், அந்த ஹுனான் நகரத்தில் நின்றது. நகரைச் சுற்றிய சிறு குன்றுகளின் சரிவை வெட்டிச் செங்குத்துச் சுவராக்கினார்கள். ஏற முடியாமல் அடியில் குவிகிறவர்களைப் பக்கவாட்டு இயந்திரத் துப்பாக்கிகள் பார்த்துக்கொண்டன, மேலிருந்து கையெறி குண்டுகள் விழுந்தன. முதல் வாரத்திலேயே ஜப்பானிய 68-வது டிவிஷனின் தளபதி மோர்ட்டார் குண்டில் படுகாயமடைந்தார். இரண்டு பெருந்தாக்குதல்கள் தோற்றன. ஆகஸ்டில் மேலும் டிவிஷன்களும் கனரகப் பீரங்கிகளும் வந்த பிறகே மூன்றாவது தாக்குதல் உள்ளே புகுந்தது. 47 நாளும் மீட்புப் படைகள் வெளியே இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஒன்றாகச் சேர்ந்து அடிக்காமல், ஒன்று ஓய்ந்த பிறகு இன்னொன்று என்று தனித்தனியாக வந்தன. அவற்றில் ஒன்று நகரின் விளிம்பு வரை வந்து திரும்பியது. உள்ளே மருந்தும் தோட்டாவும் தீர்ந்துபோக, ஆகஸ்ட் 8 அன்று ஃபாங் சரணடைந்தார். சில மாதங்களில் தப்பி, சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங் போய்ச் சேர்ந்தார்.